எந்தத் தோட்டா கருணையானது?

ஒரு மலைச் சிங்கத்தைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது?

பயப்படாதீர்கள், உங்களை யாரும் காட்டுக்குக் கூப்பிடப் போவதில்லை. நம் நாட்டில் 1972-ம் வருடச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் சேர்ந்து ஷிகார் சமாசாரத்தை முடித்துவிட்டன. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இன்னமும் சுடலாம்.

முதலில் ஆசாமியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பேரில்தான் சிங்கம். பிடரி கிடையாது, கர்ஜிக்கவும் வராது. ஷூ விளம்பரத்தில் பாய்கிறதே பூமா, அதுதான். நன்கு வளர்ந்த ஆண் அறுபது, எழுபது கிலோ இருக்கும். வெகு கூச்ச சுபாவம். அதனால் நாய்களை விட்டுத் துரத்துகிறார்கள். அதற்குப் பாயத் தெரியும்; நெடுந்தூரம் ஓட மூச்சு பத்தாது. கடைசியில் ஏதாவது ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே நாய்கள் குரைத்துக்கொண்டே இருக்கும். வேட்டைக்காரர் நிதானமாக நடந்து வந்து சேரலாம்.

துப்பாக்கிக் கேள்வி இங்கேதான் வருகிறது. மரத்துக்கும் மனிதருக்கும் இடையே பதினைந்து, இருபது மீட்டர்தான். தோலும் தடிமனில்லை. எனவே பீரங்கி வேண்டாம். 1895-லிருந்து புழங்கும் 'தேர்ட்டி-தேர்ட்டி' ரைஃபிள் தாராளம். தோட்டா சுமார் பத்து கிராம். சிலர் ரிவால்வரோடு போகிறார்கள். அதைவிடப் பொடித் தோட்டாக்களும் உண்டு. தோலில் சின்ன ஓட்டைதான் விழும், பாடம் பண்ணி மாட்ட சௌகரியம். ஆனால் குறி கொஞ்சம் பிசகினால், காயம்பட்ட சிங்கம் நாய்களுக்கு நடுவில் வந்து விழும். அப்புறம் நடப்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அதனால் சுடுவதற்கு முன் நாய்களைத் தள்ளிக் கட்டுவது நல்ல பழக்கம்.

அடுத்தது தோட்டா. முழுக்க உலோக உறை போட்டது ஒன்று. உடம்பில் நுழைந்து, மறுபக்கம் நேராக வெளியே போய்விடும். இன்னொன்றுக்கு மூக்கில் ஈயம் திறந்திருக்கும், அல்லது குழி இருக்கும். உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். கொலராடோ உட்படப் பல மாநிலங்களில், ரைஃபிளால் பெரிய விலங்குகளைச் சுடுவதென்றால் விரியும் தோட்டாதான் போட வேண்டும் என்பது சட்டம். மிருகம் காயத்தோடு ஓடி, எங்கோ புதரில் மெள்ளச் சாகக் கூடாது. சட்டென்று முடிய வேண்டும். அதாவது, கருணை.

இப்போது கல்கத்தா பக்கம் வாருங்கள். 1890-களில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷ்காரர்கள் தயாரித்ததும் இதே ஜாதித் தோட்டாதான். 1899-ல் ஹேக் மாநாடு, 'மனித உடம்பில் விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்தக் கூடாது' என்று தடை போட்டது. காரணம்? குரூரம்!

சிப்பாய்மேல் பாய்ந்தால் குரூரம், சிங்கத்தின்மேல் பாய்ந்தால் கருணை. முரண்பாடு மாதிரி தெரிந்தாலும் இரண்டுமே நியாயம்தான். போரில் எதிரியைச் சண்டையிலிருந்து விலக்கினால் போதும். அவன் பிழைத்து ஊர் போய்ச் சேரலாம். வேட்டையில் பிழைக்கவிடும் உத்தேசமே கிடையாது. ஆக, கருணை தோட்டாவில் இல்லை. சுடுகிறவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் அது கருணையா, குரூரமா என்று முடிவாகிறது.

தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். 1901 தொடக்கத்தில், துணை ஜனாதிபதியாகப் பதவியேற்கும் முன், கொலராடோவில் வேட்டை நாய்களோடு பன்னிரண்டு மலைச் சிங்கங்களைக் கொன்றார், சிலவற்றைக் கத்தியால். அடுத்த வருடம், ஜனாதிபதியாக, மிசிசிப்பியில் ஒரு கரடியை மரத்தில் கட்டிவைத்து 'சுடுங்கள்' என்றார்கள். 'கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டையல்ல' என்று மறுத்துவிட்டார். 'டெடி பேர்' பொம்மை பிறந்தது அப்படித்தான். (அவஸ்தைப்படாமல் அதைக் கொன்றுவிடச் சொன்னார் என்பது பொம்மைக் கடையில் சொல்லாத பின்குறிப்பு.) கயிற்றால் கட்டிய கரடி கூடாது, நாய்களால் கட்டிய சிங்கம் பரவாயில்லை!

வேட்டைக்காரர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். மரத்தில் இருந்தால்தான் ஆணா, பெண்ணா, குட்டி போட்டதா என்று பார்த்து, வேண்டாமென்றால் விட்டுவிட முடியும் என்கிறார்கள். இது வெறும் சமாதானமல்ல. கலிஃபோர்னியா மக்கள் 1990-ல் ஓட்டுப் போட்டு இந்த வேட்டையை நிறுத்தினார்கள். கொலராடோவில் 2024-ல் அதே மாதிரியான தடை தோற்றது. இரண்டு பக்கமும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

என் சந்தேகம் வேறு. சரியான துப்பாக்கி, சரியான தோட்டா, சரியான தூரம் எல்லாம் 'எப்படி' என்ற கேள்விக்குப் பதில். அதைப் பொறுப்பாகச் சொல்லி முடித்ததும் ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அது 'ஏன்' என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. பொறுப்பாகச் சுடுவது அலட்சியமாகச் சுடுவதைவிட நிச்சயம் மேல். ஆனால் சுடத்தான் வேண்டுமா என்பதற்கு அது பதிலாகாது.

இதற்குக் கொலராடோ வரை போக வேண்டியதில்லை. ஆபீஸில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவதாகத் தீர்மானமாகிவிட்டது. கடிதத்தை மனசு நோகாமல் எழுத நாலு பேர் உட்கார்ந்து வார்த்தை பொறுக்குகிறார்கள். 'வருந்துகிறோம்' முதல் வரியில் வரலாமா, கடைசியிலா? ஒரு மணி நேரம் விவாதம். அவரை அனுப்பத்தான் வேண்டுமா என்று அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது கேட்டார்களா?

அடுத்த முறை அந்த நாலு பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால், கேட்டுப் பாருங்களேன்.