பசிக்கு எதற்குச் சான்றிதழ்?

2020 ஏப்ரலில் இந்தியாவில் தானியப் பஞ்சம் இல்லை. இதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஏனென்றால் அந்த மாதங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'என்ன செய்ய, உலகத்துக்கே வந்த சோதனை' என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறோம். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அன்றைக்கு, அரைக்காத நெல்லையும் சேர்த்தால், 7 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. ஏப்ரல் 1 அன்று கையிருப்பில் இருக்கவேண்டும் என்று அரசே வகுத்துக்கொண்ட அளவு சுமார் 2.1 கோடி டன்தான். மூன்று மடங்குக்கு மேல் குவிந்து கிடந்தது. போதாததற்கு, வடக்கே கோதுமை அறுவடைக்கு நின்றுகொண்டிருந்தது. கொரோனாக் கிருமி தானாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். பசி தானாக வரவில்லை. அதற்கு ஒவ்வொரு படியிலும் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அல்லது போடாமல் விட்டிருக்கிறார்கள்.

கிடங்கு நிறைந்திருக்க மனிதர் பட்டினி கிடப்பது நமக்குப் புதிதல்ல. 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம். அந்த ஆண்டு வங்காளத்தில் உணவு அடியோடு இல்லாமல் போய்விடவில்லை, அதை வாங்கும் சக்தி கிராமத்துக் கூலிகளின் கையில்தான் இல்லை என்று 1981-இல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் புத்தகமே எழுதிக் காட்டினார். அன்று ஆண்டவன் வெள்ளைக்காரன், போர்க்காலம் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். 2020-இல் அந்தச் சாக்குகளும் இல்லை.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. அன்றாடக் கூலிக்கு நான்கு மணி நேர அவகாசம். இரண்டு நாள் கழித்து, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம், 80 கோடிப் பேருக்கு என்று நிதியமைச்சர் அறிவித்தார். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தத் தானியம் வராமலிருந்தால் நிலைமை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த 80 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது?

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 100-க்கு 75 பேர், நகரத்தில் 100-க்கு 50 பேர் என்று ஒரு கோடு போட்டது. அந்த விகிதத்தில் எத்தனை பேர் என்று கணக்கிட்டது 2011 மக்கள்தொகையை வைத்து. ஒன்பது ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்தார்கள், பெண்கள் கல்யாணமாகி வேறு வீடு போனார்கள், ஆண்கள் பிழைப்புக்கு ஊர் மாறினார்கள், மக்கள்தொகையும் வளர்ந்தது. மாநிலங்களுக்குக் கொடுத்த இடங்கள் வளரவில்லை. ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம் என்பதுபோல ஆகிவிட்டது பட்டியல். இப்படி வெளியே நிற்பவர்கள் சுமார் 10 கோடி என்று பொருளியல் அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இப்போது ஒரு வாய்க்கணக்குப் போடுங்கள். 10 கோடிப் பேர், மாதம் 5 கிலோ, ஆறு மாதம். மொத்தம் 30 லட்சம் டன். கையில் இருந்ததோ 7 கோடி டன்னுக்கு மேல். நூற்றில் ஐந்து பங்குகூட வராது. சென், ரகுராம் ராஜன், அபிஜித் பானர்ஜி ஆகிய பொருளியல் அறிஞர்கள் மூவரும் அந்த ஏப்ரலிலேயே, கேட்பவருக்கெல்லாம் தற்காலிக ரேஷன் அட்டை கொடுங்கள் என்று எழுதினார்கள். அதே வாரத்தையொட்டி, ஏப்ரல் 20 அன்று, உபரி அரிசியை எத்தனாலாக்கிக் கைகழுவும் திரவத்துக்கும் பெட்ரோலில் கலக்கவும் கொடுக்கலாம் என்று மத்திய அரசின் குழு ஒப்புதல் தந்தது. சாராய ஆலைக்குப் போகும் அரிசியிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

அட்டையில்லாத புலம்பெயர் தொழிலாளர் 8 கோடிப் பேருக்குத் தானியம் என்ற அறிவிப்பு மே 14-இல்தான் வந்தது. அதற்குள் சொந்த ஊருக்கு நடக்கவேண்டியவர்கள் நடந்துவிட்டார்கள். அதுவும் இரண்டு மாதத்துக்கு மட்டும். ஒதுக்கியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கை சேர்ந்தது.

ஏன் இந்தத் தயக்கம்? பணமில்லாமலா? தானியம் ஏற்கெனவே வாங்கிய தானியம். அதை வைத்துக் காப்பதற்கும் செலவு, எலிக்கும் மழைக்கும் கொடுத்தால் நஷ்டம். தயக்கத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது, அது நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. 'தகுதியில்லாதவன் வாங்கிவிடுவானே!' படித்த நடுத்தர வர்க்கத்தைக் கிருமியைவிட அதிகம் பயமுறுத்தியது இதுதான் என்பேன்.

வாங்கட்டுமே. கார் வைத்திருப்பவன் வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, பையை விரித்துப் பிடித்து, கல்லும் கருக்காயும் கிடக்கும் புழுங்கலரிசியை வாங்கிப் போகிறான் என்றால் அவனுக்கு ஏதோ நெருக்கடி என்றுதான் அர்த்தம். அப்படி நெருக்கடி இல்லாமலே வாங்கினாலும் போனது ஐந்து கிலோ. தகுதியைச் சோதிக்கிறேன் என்று கிளம்பினால், அந்தச் சோதனையில் தவறி விழுபவன் எப்போதும் காகிதம் இல்லாதவன்தான். பணக்காரனுக்கு எல்லாக் காகிதமும் இருக்கும். ஒரு பக்கம் ஐந்து கிலோ அரிசி, இன்னொரு பக்கம் ஓர் உயிர். இரண்டு தவறையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பவனை நேர்மையானவன் என்று நாம் பாராட்டுகிறோம்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக இருந்தது. தேசியச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், எல்லாருக்கும் ரேஷன் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் அருமை 2020-இல் தெரிந்தது. ஆனால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன், கட்டுமான வளாகத்துத் தகரக் கொட்டகைகளில் இருந்த பீகார், ஒடிசாக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். 'எல்லாரும்' என்பதில் அவர்கள் இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில்தான்.

இன்னொன்று, முட்டை. அரிசி வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று 2020 மார்ச்சில் எவரோ கிளப்பிய புரளியில் நாமக்கல் முட்டை விலை அடிமட்டத்துக்குப் போனது. கோழிக்கு ஊரடங்கு கிடையாது. கூண்டுக் கம்பியின் சரிவில் முட்டை உருண்டு வந்து விழுந்துகொண்டே இருந்தது. அதே நாட்களில் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டதால் சத்துணவு முட்டை நின்றுபோனது. ஒரு பக்கம் வாங்க ஆளில்லாத முட்டை, மறுபக்கம் முட்டையில்லாத பிள்ளை, நடுவில் ஆண்டு முழுவதும் முட்டை கொள்முதல் செய்து பழகிய ஓர் அரசு. முட்டையையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

பக்கத்து மாநிலத்தில் வேறு கூத்து. 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் பின்தங்கிய வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத் தொடங்கியதும் சில மடாதிபதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு என்று சொல்லியும் ஆறவில்லை. தான் தின்னாததை அடுத்தவன் பிள்ளையும் தின்னக்கூடாது என்பதற்குப் பெயர் அகிம்சையாம். நோஞ்சான் பிள்ளைக்கு நோய் வந்தால் எந்த மடம் வந்து நிற்கும்?

அன்னதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் தெருத்தெருவாகப் பொட்டலம் கொடுத்தவர்களால் பல உயிர்கள் பிழைத்தன. தனியார் நேரடியாகக் கொடுக்கக்கூடாது என்று தமிழக அரசு 2020 ஏப்ரலில் தடுத்தபோது, நீதிமன்றம் போய் அனுமதி பெற்றும் கொடுத்தார்கள். கொடுத்த கைகளை நான் குறை சொல்லவில்லை. குறை, அந்தக் கைகளைப் படம் பிடித்து 'மனிதம் சாகவில்லை' என்று தலைப்புப் போட்டுப் பரப்பிய நம்மிடம் இருக்கிறது. தக்காளிச் சாதத்தை நீட்டுபவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். அவர் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி கட்டியவர். கிடங்கில் இருந்த தானியம் அவர் பணத்திலும் வாங்கியது. தன் பொருளை வாங்க அவர் ஏன் கும்பிட வேண்டும்? புண்ணியம் சேர்ப்பதற்கு ஒரு பசித்தவன் எப்போதும் தேவைப்படுகிறான். உரிமையாகக் கொடுத்துவிட்டால் அவன் கிடைக்கமாட்டான். தானத்தின் மீது நமக்குள்ள காதலில் இந்தக் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு: 2021-இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை, ரேஷன் இடங்களும் 2011 கணக்கிலேயே நின்றன. இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொண்ட அமைப்புசாராத் தொழிலாளரில் சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்று தெரிந்து, மூன்று மாதத்துக்குள் கொடுங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் மறுபடியும் இரண்டு மாதம் கெடு வைத்தது. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று காரணம் சொல்லவேண்டாம், முதலில் அட்டையைக் கொடுங்கள் என்று நீதிபதிகள் சொல்லவேண்டியிருந்தது. பெருந்தொற்றும் இல்லை, ஊரடங்கும் இல்லை, அப்போதும் நிலைமை இதுதான்.