துளி நீரும் திராட்சை இரசமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் வடபால் அமைந்த சிற்றூர் தாசேக் கெலுகோர். அதற்குத் தெற்கே, அதே செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் நகரில் புனித அன்னாள் ஆலயம் நிற்கிறது. 1846ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திருத்தலம் 2019இல் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலையைப் பெற்றது. ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாளை ஒட்டி நிகழும் திருவிழாவிற்குத் தமிழரும் சீனரும் பிறரும் திரளாக வருவர். கத்தோலிக்கர் அல்லாதாரும் மெழுகுவர்த்தி ஏற்றி வணங்குவர். நோய் நீங்க வேண்டும், பிள்ளை தேர்வில் வெல்ல வேண்டும், மகளுக்கு மணம் கைகூட வேண்டும் என்பன போன்ற வேண்டுதல்கள் அங்கே எழுகின்றன. இவை மனித வாழ்வின் இயல்பான தேவைகள். இவற்றை இகழ்தல் தகாது.

ஆயினும், அதே ஆலயத்தில், அதே திருப்பலியில், இவை அனைத்தினும் பெரியதொரு வேண்டுதல் எழுகிறது. அது பலருடைய காதிலும் விழுவதில்லை. காணிக்கை வேளையில் கிண்ணத்தில் திராட்சை இரசம் வார்க்கப்படுகிறது. பின்னர் அதில் ஒரு துளி நீர் சேர்க்கப்படுகிறது. அப்போது மெல்லிய குரலில் ஒரு சிறு மன்றாட்டு சொல்லப்படுகிறது. நமது மனிதத் தன்மையில் பங்கு கொள்ளத் தம்மைத் தாழ்த்திய கிறித்துவின் இறைத்தன்மையில் மக்கள் பங்கு பெறவேண்டும் என்பதே அதன் கருத்து. நலம் கேட்பவர் நடுவே, செல்வம் கேட்பவர் நடுவே, இறைத்தன்மையையே கேட்கும் குரல் ஒன்று ஒலிக்கிறது. இது எத்துணைப் பெரிய துணிவு!

மனிதன் இறைவனுடைய தன்மையைக் கேட்கலாமா? கேட்பது பக்தியா, செருக்கா? எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

கிறித்தவ மறையின் தொடக்கநூல் இவ்வினாவை ஒரு சோகக் கதையாகவே தொடங்குகிறது. விலக்கப்பட்ட கனியை உண்டால் கடவுளைப் போல் ஆகலாம் என்று பாம்பு ஆசை காட்டியது. முதல் மனிதர் கை நீட்டினர், வீழ்ந்தனர். ஆனால், அதே மறையின் பிற்பகுதியில், பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகம், நம்பிக்கையாளர் இறையியல்பில் பங்காளிகளாகும் பேற்றைப் பேசுகிறது. முன்னது பாவம் என்றால் பின்னது எவ்வாறு புண்ணியமாயிற்று? விடை எளிது. முன்னது பறித்தல், பின்னது பெறுதல். தந்தையின் பெட்டியை உடைத்துப் பொருள் எடுக்கும் மகனும், தந்தை மனமுவந்து அளிப்பதை இரு கையாலும் ஏந்தும் மகனும் அடைவது ஒரே பொருளாக இருக்கலாம். ஆனால் அவ்விருவரும் ஒருவராகார்.

திருச்சபையின் முன்னோர் இக்கருத்தை மறைத்து வைக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஆயராக விளங்கிய இரேனேயுவும், 373இல் மறைந்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரும், இறைவன் மனிதரானதன் நோக்கமே மனிதரை இறைமயமாக்குதல்தான் என்று அஞ்சாது எழுதினர். 258இல் உயிர்நீத்த கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், கிண்ணத்தில் சேரும் நீர் மக்களைக் குறிக்கும் என்றார். ஒருமுறை கலந்த நீரை இரசத்திலிருந்து பிரித்தல் இயலாதவாறு போல மக்களைக் கிறித்துவிடமிருந்து பிரித்தல் இயலாது என்றும் விளக்கினார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இப்பழங்கருத்தை மீண்டும் வலியுறுத்துகிறது. ஆகவே இது ஓரிரு துறவியர் கண்ட கனவன்று. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் அழைக்கப்பட்டுள்ள வாழ்வு.

இங்கே ஓர் ஐயம் எழும். கலந்த நீர் தன்னை இழந்துவிடுகிறதே. அவ்வாறே மனிதனும் இறைவனில் கரைந்து இல்லாமற் போவானா? தமிழ் மாணவர்க்கு இவ்வையம் புதிதன்று. சைவ சித்தாந்த நூல்கள் உயிரும் சிவமும் கூடும் நிலையை விளக்க 'தாடலை' என்னும் சொல்லை உவமையாகக் கூறும். தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்து தாடலை என நிற்கும்போது செவிக்கு ஒரே சொல், பொருளுக்கோ இரண்டு. ஒன்றாகியும் ஒன்று மற்றொன்றாகி அழிவதில்லை. புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் மெய்யியலின் வாயிலில் நிற்கிறார் என்பதற்கு இது நல்ல சான்று. சித்தாந்தம் உயிரை என்றும் உள்ளதாகக் கொள்ளும். கிறித்தவமோ அதனைப் படைக்கப்பட்டதாகக் கொள்ளும். இவ்வேறுபாடு சிறியதன்று. எனினும், கூடல் என்பது அழிதலன்று என்னும் உணர்வில் இரண்டும் அண்டை வீட்டாரைப்போல் நிற்கின்றன.

தமிழ் மண்ணிலேயே இவ்வினாவைத் தம் வாழ்வாக ஏற்றவர் இருவர். குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் சாந்திவனம் என வழங்கும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவிய பிரெஞ்சுத் துறவியர் மோன்ஷனேனும் அபிஷிக்தானந்தரும் அவர்கள். 1957இல் மறைந்த மோன்ஷனேன், மூவொரு இறைவனின் அன்புறவில் ஆள் தன்மை நிலைத்து நிற்கும் என்பதை விட்டுக்கொடுக்க அஞ்சினார். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த அபிஷிக்தானந்தரோ, 1973இல் மறையும்வரை, அத்துவித அனுபவத்தின் ஆழத்தைத் தேடிக்கொண்டேயிருந்தார். ஒருவரது தயக்கத்திலும் மற்றவரது தேடலிலும் உண்மைக்கு அஞ்சிய நேர்மை இருந்தது. ஒரே கூரையின்கீழ் ஒரே பலியை நிறைவேற்றியவரிடையே இத்தகைய வேறுபாடு இருந்ததென்றால், இப்பொருள் விரைந்து தீர்ப்புரைக்கத்தக்கதன்று என்பது புலனாகும்.

செபத்தின் வழியே இந்நிலையை எய்தியவர் சொல்லும் சான்று நம் ஐயத்தைப் பெரிதும் தெளிவிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசா, உள்ளத்தை ஏழு மாளிகைகள் கொண்ட கோட்டையாக உருவகித்து 1577இல் ஒரு நூல் இயற்றினார். இறைவனோடு கூடும் தொடக்க நிலைக்கு, சுடர் ஒன்றாக இணைந்த இரு மெழுகுவர்த்திகளை அவர் ஒப்பிடுகிறார். அவற்றை மீண்டும் பிரித்துவிடலாம். முடிந்த நிலைக்கு ஆற்றில் விழும் மழையை ஒப்பிடுகிறார். அவருடைய தோழராகிய சிலுவை யோவான், ஒளிக்கதிர் பாய்ந்த கண்ணாடியைக் காட்டுகிறார். தூய கண்ணாடி ஒளியாகவே தோன்றும். எனினும் அது கண்ணாடியே. இறைமயமாதல் இயல்பால் அன்று, பங்கு பெறுதலால் என்பது இவ்வுவமையின் முடிவு. கண்ணாடி செய்யத்தக்கது ஒன்றே: தன்மீது படிந்த அழுக்கைத் துடைக்க இசைதல். ஒளியை அது உண்டாக்க இயலாது.

வியப்புக்குரியது இதற்கு அடுத்த படியாகும். ஏழாம் மாளிகையை அடைந்தவர் உலகை மறந்து இன்பத்தில் ஆழ்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். தெரேசாவோ, அந்நிலையின் நோக்கமே நற்செயல்தான் என்கிறார். இறைவன் காலடியில் அமர்ந்த மரியாவும் அடுக்களையில் உழைத்த மார்த்தாவும் இணைந்தே இறைவனை உபசரிக்க வேண்டும் என்கிறார். உயர ஏறியவர் ஊருக்குத் திரும்பி வருகிறார். அதுவே அவர் உண்மையில் ஏறினார் என்பதற்கு அடையாளம்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு போக வேண்டுவதில்லை. 1665இல் சயாம் நாட்டில் தோன்றி, 1808 முதல் பினாங்கில் நிலைபெற்ற பொதுக் குருமடத்தில் மாணவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இருவர், லோரான் அம்பேரும் ழாக் ஷஸ்தானும் ஆவர். பின்னர் அவர்கள் கொரியாவிற்குச் சென்று மறைவாகப் பணியாற்றினர். 1839இல் கொடிய வேட்டை தொடங்கியது. குருக்கள் ஒளிந்திருக்கும்வரை எளிய மக்கள் வதைக்கப்படுவர் என்பதை உணர்ந்த ஆயர் அம்பேர் தம்மை ஒப்படைத்தார். மற்றவரையும் அவ்வாறே செய்யப் பணித்தார். ஷஸ்தானும் மொபாங் என்னும் குருவும் பணிந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மூவரும் தலை வெட்டுண்டு மாண்டனர். 1984இல் திருச்சபை அவர்களைப் புனிதர் என அறிவித்தது. பிறர்க்காகத் தம்மையே வெறுமையாக்கிய கிறித்துவின் தன்மை அவர்களிடம் கலந்திருந்ததற்கு வேறு சான்று வேண்டுமோ?

வள்ளுவரும், வாழ வேண்டிய முறைப்படி வையத்தில் வாழ்பவனை வானுறையும் தெய்வத்தோடு வைத்து எண்ணுவர் என்று கூறியது துறவறவியலில் அன்று, இல்வாழ்க்கை அதிகாரத்தில். திருக்குறள் காட்டுவது அறத்தால் உயரும் மதிப்பு. திருச்சபை காட்டுவது அருளால் வரும் பங்கு. வழி வேறாயினும், தெய்வத்தன்மை விளையும் நிலம் அன்றாட வாழ்வே என்பதில் ஒப்புமை உண்டு. நோயுற்ற மாமியாரை இரவு முழுதும் கண்விழித்துப் பேணும் மருமகளும், பின்தங்கிய மாணவனுக்காகப் பள்ளி விட்ட பின்னும் அமர்ந்திருக்கும் ஆசிரியரும் தாம் இறைமயமாகி வருவதாக எண்ணுவதில்லை. எண்ணத் தொடங்கினால் அத்தன்மை அவர்களை விட்டு அகலத் தொடங்கும். தன்னைத் தெய்வம் என்று பறைசாற்றிப் பிறரை வணங்கச் செய்பவனிடம் இல்லாதது இவர்களிடம் இருக்கிறது.

ஆகவே, இறைத்தன்மையைக் கேட்பது செருக்கா என்னும் வினாவிற்கு விடை, கேட்பவன் அதன்பின் எத்திசை நோக்கிச் செல்கிறான் என்பதில் அடங்கியுள்ளது. மனிதரை விட்டு மேலே செல்ல விரும்பினால் அது பழைய கனியின் ஆசையே. மனிதரிடம் இறங்கி வர விரும்பினால் அது மெய்யான மன்றாட்டு. ஏனெனில் அவன் கேட்கும் இறைத்தன்மை இறங்கி வந்த தன்மை.

திருவிழா முடிந்து, அணைந்த மெழுகின் மணத்தோடு மக்கள் தாசேக் கெலுகோருக்கும் பிற ஊர்களுக்கும் திரும்புவர். அவரவர் வேண்டுதல் சில நிறைவேறும். சில நிறைவேறாமற் போகும். ஆனால் ஒரு துளி நீராகத் தன்னைக் கிண்ணத்தில் இட இசைந்தவன், வீட்டு வாயிலில் காத்திருக்கும் அடுத்த கடமையிலேயே தன் வேண்டுதலுக்கு விடை தொடங்கிவிட்டதைக் காண்பான்.