எச்சரிக்கை எழுதுவோர் கடமை



பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டில் வைர வடிவாக ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நிறம் சிவப்பானால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வர வர வேகம் குறைவு. எழுத்தறியாத உழவனும் அந்தச் சிவப்பைக் கண்டால் கையைப் பின்னுக்கு இழுப்பான். சீட்டைத் தயாரித்தவர்கள் அவனுடைய அச்சத்தை நம்பியே தயாரித்தார்கள்.

இப்பொழுது அச்சமே இல்லாத ஒரு வாசகன் தோன்றியிருக்கிறான். செயற்கை அறிவு ஏஜெண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்ன வேலையைச் செய் என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டருக்குள் தானே குறிப்புகளைப் படித்து, தானே கட்டளைகளை இட்டு, வேலையை முடிக்கும் புரோகிராம் அது. கட்டளைகளிலோ ஆக்குவனவும் உண்டு, அழிப்பனவும் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஆர்.எம்.' என்ற இரண்டெழுத்துக் கட்டளை கோப்புகளை அழித்துவிடும். குப்பைக் கூடையில் கிடக்கட்டும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

மனிதர் கையிலும் இது தவறியதுண்டு. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் இஞ்சினீயர் ஒரு கம்ப்யூட்டரில் அழிப்பதாக எண்ணி வேறொன்றில் அழித்துவிட்டார். ஓரிரு வினாடிகளில் திடுக்கிட்டு நிறுத்தினார். ஆயினும் சுமார் 300 கிகாபைட்டில் எஞ்சியது ஏறக்குறைய நாலரைதான். நிறுத்தியது அவருடைய திடுக்கம் என்பதைக் கவனியுங்கள். ஏஜெண்டுக்கு அது ஏது?

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜெண்டைப் பயன்படுத்திப் பார்த்தார். அனுமதியின்றி எதையும் மாற்றலாகாது என்று சொல்லியிருந்தும், அது டேட்டாபேஸ் என்னும் விவரத் தொகுப்பை அழித்துவிட்டது. போனதை மீட்க முடியாது என்றும் சொல்லிற்று. அவர் முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது! நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

சொல்லியும் கேளாத ஒன்றுக்குத் தெளிவாக எழுதி என்ன பயன், கருவியிலேயே பூட்டுப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பூட்டு வேண்டியதுதான். 'கிட்' என்ற கருவியில் பதிவில் சேர்க்கப்படாத கோப்புகளைத் துடைக்கும் 'கிளீன்' கட்டளைக்கு அப்படியொரு பூட்டு உண்டு. பலவந்தக் குறி ஒன்றைச் சேர்க்காவிட்டால், வழக்கமான அமைப்பில் அது அழிக்க மறுத்துவிடும். ஆனால் அந்தக் குறி இன்னதென்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. மனிதன் மறுப்பைக் கண்டால், ஏன் மறுக்கிறது என்று ஒரு கணம் நிற்பான். ஏஜெண்டோ மறுப்பை வேலைக்கு வந்த தடங்கலாக எடுத்துக்கொண்டு, குறிப்பை மேலும் படித்து, குறியைச் சேர்த்து, மறுபடி இட்டுவிடக் கூடும். பூட்டின் பக்கத்திலேயே சாவியை மாட்டிவைத்தவர் யார்? குறிப்பு எழுதினவர் அல்லவா?

ஆகையால் சாவி இருக்கும் அதே வரியில் மற்றதும் இருக்க வேண்டும். எது அழியும், எவ்வளவு தூரம் அழியும், மீட்க வழி உண்டா, உண்டானால் எங்கிருந்து, இதை இடுமுன் யாரிடம் உத்தரவு பெற வேண்டும் என்பவை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நாற்பதாம் பக்கத்து அடிக்குறிப்பில் அல்ல. கிளீன் கட்டளைக்கு, அழிக்காமலே எவையெவை அழியும் என்று பட்டியல் காட்டும் வேறொரு குறியும் உண்டு. முதலில் அதை இட்டு, பட்டியலை உரியவருக்குக் காட்டு என்று எழுதினால் அது எச்சரிக்கை. 'ஜாக்கிரதையாகப் பயன்படுத்துக' என்பது எச்சரிக்கையே அன்று. எந்த ஜாக்கிரதை? ஒவ்வொரு பக்கத்திலும் 'அபாயம்' என்று அச்சிட்டு வைப்பதும் ஒருவகைச் சோம்பேறித்தனமே. மீட்கக் கூடியதை மீட்க முடியாது என்று பயமுறுத்தி எழுதுவதிலும் நன்மை இல்லை. அதை நம்பி ஒருவர் மீட்க முயலாமலே விட்டுவிடலாம்.

இந்தத் தெளிவுக்கு உரிமையுள்ளவர் யார் என்பதே என் மனத்தை அதிகம் தொடும் கேள்வி. ஏஜெண்டு அன்று, அதற்கு இழக்க ஒன்றுமில்லை. சம்பளம் கொடுக்கும் முதலாளி மாத்திரமும் அன்று. அழிந்துபோகும் பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான்: மருத்துவக் குறிப்புக்காகக் காத்திருக்கும் நோயாளி, பென்ஷன் கணக்கு வைத்திருக்கும் விதவை. இப்படியொரு கருவி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 'நான் எழுதிவைத்தேன், என் பொறுப்புத் தீர்ந்தது' என்கிறவர் தம்மைக் காத்துக்கொள்ளவே எழுதியிருக்கிறார். அந்த விதவையை நினைத்து எழுதுகிறவர் தாம் எழுதியதை ஓர் ஏஜெண்டிடம், விலைமதிப்பில்லாத வெறும் கோப்புகளை வைத்து, ஒருமுறை சோதித்துப் பார்ப்பார். அது இடறும் இடத்தில் வரியைத் திருத்துவார்.

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் மகனோ மருமகளோ இருக்கக் கூடும். இந்த ஞாயிறு சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் செய்யும் கருவி எதையாவது அழிக்குமா, அழிக்குமானால் அதை எந்த வரியில் சொல்லியிருக்கிறார்கள் என்று.