புரியாமைக்குப் புனிதமா?

நாசரேத்துத் தச்சர் வீட்டு இளைஞர் ஏசு பேசிய மொழி எது? மறைநூலின் எபிரேயமன்று, ஆளவந்த உரோமரின் இலத்தீனுமன்று. கலிலேயாவில் மீனவரும் உழவரும் பேசிய அரமேயம்! இறைவனை அவர் "அப்பா" என விளித்ததும் அம்மொழியிலேதான்.

அவர் கூறியவை ஏடேறியதோ கிரேக்கத்தில். அதுவும் பண்டிதர் நடையிலன்று. துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் வழங்கிய பொதுக் கிரேக்கத்தில்! நான்காம் நூற்றாண்டின் இறுதியில் செரோம் இலத்தீனில் பெயர்த்ததும், மேற்கே மக்களுக்கு விளங்கிய மொழி அது என்பதால்தான்.

பின்னர் நடந்ததென்ன? மக்கள் நாவிலிருந்து இலத்தீன் மறைந்தது. பீடத்திலே மட்டும் நிலைத்தது. புரிந்தவரையில் மக்கள்மொழி, புரியாமற் போனதும் புனிதமொழி! 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சேற்றிய வில்லியம் டிண்டேல், சமயத் துரோகி எனப் பழி சுமத்தப்பட்டார். 1536இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர், உடலையும் எரித்தனர். வழிபாட்டில் தாய்மொழிகளுக்கு உரோமைத் திருச்சபை அகலக் கதவு திறந்தது 1963இல்!

"பழைய மொழியில் ஓதினால்தான் பக்தி பிறக்கும்" என்பார் உண்டு. பொருளறியாமல் பிறப்பது பக்தியா, பயமா? விளங்காத சொல்லை எவன் மறுக்க முடியும்? மறுக்க முடியாதவன், மனமார ஏற்கத்தான் முடியுமா? ஏற்கவும் மறுக்கவும் உரிமையற்றவனுக்கு அறம் ஏது? அடிமைத்தனமே மிச்சம்!

எல்லாம் அறிந்த ஆண்டவனுக்கு எம்மொழியும் விளங்குமெனில், மனிதனுக்கு விளங்கும் மொழியைத் தடுத்தது யார் நலத்துக்காக? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!