கண்ணீருக்கு விலைப்பட்டியல்

பிறர் சாவால் பிழைப்பது அறமாகுமா? மருத்துவர் நோயால் வாழ்கிறார். வழக்கறிஞர் வழக்கால் வாழ்கிறார். அவர்களை எவரும் பழிப்பதில்லை. ஆனால் பிணத்தைக் கழுவி, பெட்டியிலே கிடத்தி, புதைகுழிவரை கொண்டு சேர்த்துக் கூலி பெறுபவரைக் கண்டால் மட்டும் உலகம் முகம் சுளிக்கிறது. சுளிக்கும் முகமும் ஒருநாள் அவர் கையிலேதான் கழுவப்படும் என்பதை மறந்து சுளிக்கிறது! இச்சுளிப்பு நேரியதுதானா? அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களில், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்திவந்த இறுதிச் சடங்கு இல்லங்களின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டிலே சாவு வீட்டோடு இருந்தது. அண்டை வீட்டுப் பெண்டிர் உடலைக் கழுவினர். உறவினர் இரவெல்லாம் காத்திருந்தனர். ஊர்த் தச்சர் பெட்டி செய்து தந்தார். தொட்டில் செய்த கையே சவப்பெட்டியும் செய்தது. அத்தச்சர்கள் பலர் நாளடைவில் ஈமப்பணியாளர் ஆயினர். முன்பக்கம் நாற்காலியும் மேசையும், பின்பக்கம் சவப்பெட்டியும் விற்ற கடைகள் இருபதாம் நூற்றாண்டிலும் பல சிற்றூர்களில் இருந்தன.

கைத்தொழிலைப் பெருந்தொழிலாக்கியது போர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தொலைதூரக் களங்களில் மடிந்த மைந்தரின் உடலை ஊருக்குக் கொணரப் பெற்றோர் துடித்தனர். உடலைப் பதப்படுத்தும் கலை அந்தத் துடிப்பிலே வளர்ந்தது. துடிப்பு இருக்குமிடத்தில் கொள்ளையும் இருக்குமன்றோ? பதப்படுத்துவோர் சிலர் பெற்றோரிடம் அடாவிலை கேட்டனர் என்ற முறையீடு மிகுந்து, 1865இல் உரிமம் பெற்றவரே இப்பணி செய்யலாம் என்று போர்த்துறை ஆணையிட நேர்ந்தது. அவ்வாண்டே கொல்லப்பட்ட ஆபிரகாம் லிங்கனின் பதப்படுத்தப்பட்ட உடல், வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுவரை ஏறக்குறைய இரண்டு வாரம் புகைவண்டியிலே சென்றது. வழிநெடுக மக்கள் கண்டனர். புதுக்கலையை நாடு அறிந்தது. 1882இல் ஈமப்பணியாளர் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

அதன் பின்னர், வீட்டுக் கூடத்தில் இருந்த பிணம் ஈமப்பணியாளரின் கூடத்துக்கு இடம் மாறிற்று. கீழே சடங்குக் கூடம், மேலே குடும்பத்தின் குடியிருப்பு! பிணம் கிடக்கும் கூடத்துக்கு மேலே பிள்ளைகள் பாடம் படித்தனர். நள்ளிரவில் தொலைபேசி அலறினால் தந்தையும் மகனும் எழுந்து ஓடினர். படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்லத்தக்க வண்டி பல ஊர்களில் அவர்களிடமே இருந்ததால், ஆம்புலன்சும் அவர்களே ஓட்டினர். நாட்டு ஆம்புலன்சுப் பணியில் ஏறத்தாழ பாதியை ஈமப்பணியாளரே நடத்துகின்றனர் என்று 1966இல் தேசிய அறிவியல் கழக அறிக்கை கூறிற்று. உயிர் பிழைத்தால் சிறு கட்டணம், பிழைக்காவிட்டால் பெருங்கட்டணம் என்ற நிலையிலும் வண்டியை விரைந்து ஓட்டினார்களே, அந்த நாணயத்தை எண்ணிப் பாருங்கள்!

குலத்தொழில் என்ற சொல்லே நமக்குக் கசக்கும். ஆயினும் வேறுபாட்டை உணரவேண்டும். அங்கே ஈமப்பணியாளரின் மகன் பிறந்ததனால் மட்டும் ஈமப்பணியாளன் ஆவதில்லை. பயின்று, தேறி, உரிமம் பெறவேண்டும். வேண்டாமெனில் விலகலாம். விலகும் உரிமை இருந்தால் அது தொழில். இல்லாவிடில் அது தளை.

அப்படியானால் குறை எங்கே? பொருள் வாங்குவோன் பல கடை ஏறி இறங்குவான், பேரம் பேசுவான், பிடிக்காவிடில் திரும்புவான். நேற்றுக் கணவனை இழந்தவள் பேரம் பேசுவாளா? "இதைவிட மலிவான பெட்டி உண்டா?" என்று கேட்க அவள் நா எழுமா? எழுந்தாலும், "இவ்வளவுதானா அவர்மேல் வைத்த அன்பு?" என்று ஊர் கேட்குமே என அஞ்சி அடங்கும். அன்பை அளக்கும் கோலாகப் பெட்டியின் விலையை ஆக்கிவிட்டால், வணிகருக்கு வேறு விளம்பரம் எதற்கு? 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் 'அமெரிக்கச் சாவு முறை' குறித்த தம் நூலில் இதைத்தான் அம்பலமாக்கினார். பதைத்தனர் தொழிலார். புனிதமான கடமையைப் பணத்தால் அளப்பதா என்று சினந்தனர்.

இங்கேதான் நம் பகுத்தறிவு விழித்திருக்க வேண்டும். புனிதத்தைப் பணத்தால் அளந்தவர் யார்? விலையைக் கேட்டவரா, விலையை மறைத்தவரா? பேசக்கூடாத பொருள் என்று ஒன்றை ஆக்கிவிட்டால், அதன் இருளிலேதான் சுரண்டல் குடியேறும். 1984இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசு விதி அவ்விருளைக் கிழித்தது. ஒவ்வொரு பணிக்கும் பொருளுக்கும் தனித்தனி விலை எழுதிய பட்டியலை, கேட்டு வருவோர் கையிலே கொடுக்கவேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும். சட்டம் கேளாதிருக்க, பதப்படுத்துதலைச் சட்டம் கேட்கிறது என்று புளுகக்கூடாது. இந்தப் பெட்டி உடலை நெடுங்காலம் அழியாமல் காக்கும் என்று கதைக்கக்கூடாது. மண்ணுக்குப் போகும் உடல் மண்ணாகும் என்ற உண்மையை மறைக்காதே என்று ஓர் அரசு வணிகருக்கு விதி செய்யவேண்டியிருந்தது!

சிற்றூர்க் குடும்ப இல்லத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது. இன்று ஏமாற்றினால் நாளை கடைத்தெருவில் அந்த முகத்திலேதான் விழிக்கவேண்டும். 1962 முதல் வளர்ந்த பெருநிறுவனம் ஒன்று இத்தகைய இல்லங்களை வரிசையாக வாங்கிற்று. ஆனால் பலகையிலே பழைய குடும்பத்தின் பெயரையே பல இடங்களில் விட்டுவைத்தது. உடைமை போயிற்று, பெயர் நின்றது! மூன்று தலைமுறை ஈட்டிய நம்பிக்கை ஒரு பத்திரத்திலே கைமாறிற்று. எனவே குடும்பம் என்பதனாலேயே ஒரு தொழில் தூய்மை அடைவதில்லை. அதன் பெயரும் விலைக்கு வருகிறது. போற்றத்தக்கது பொறுப்பு. முகத்துக்கு அஞ்சும் பொறுப்பு குறையும்போது சட்டத்துக்கு அஞ்சும் பொறுப்பேனும் வேண்டும்.

இனி இன்னொரு பக்கம். நிறவெறி ஓங்கிய நாளில், வெள்ளையர் இல்லங்கள் பலவற்றில் கருப்பர் பிணத்துக்கும் இடமில்லை. கருப்பினக் குடும்பங்கள் தமக்கென இல்லங்கள் நிறுவின. அவற்றின் வருவாய் தம் இனத்தாரிடமிருந்தே வந்ததால், வெள்ளையர் சினத்துக்கு அவை அஞ்சவேண்டியதில்லை. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் சிதைத்துக் கொல்லப்பட்டான். உடலை அங்கேயே உடனே புதைத்துவிட அதிகாரிகள் முனைந்தனர். தாய் மறுத்தாள்; சிகாகோவுக்குக் கொணர்ந்தாள்; பெட்டியை மூடக்கூடாது, உலகம் பார்க்கட்டும் என்றாள். கருப்பினத்தவர் நடத்திய இல்லம் அவள் சொற்படி செய்தது. பல்லாயிரவர் கண்டனர், ஏடுகளில் வெளிவந்த அந்தப் படம் ஓர் இனத்தையே எழுப்பிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த அறங்கூறவையம் விடுவித்தது; ஆனால் அந்தத் திறந்த பெட்டி சொன்ன சான்றை எந்தத் தீர்ப்பாலும் மூடமுடியவில்லை.

எண்ணிப் பாருங்கள். பிணத்தை அழகாக்கிக் காட்டுவதே அத்தொழிலின் பெருமை. அன்றோ, அழகாக்காமல் உண்மையைக் காட்டியதே அதன் பெரும்புகழாயிற்று.

ஆகவே நம் விடை இது: இறந்தவன் எதையும் அறியான், வெண்கலப் பெட்டியும் பைன்மரப் பெட்டியும் அவனுக்கு ஒன்றே. ஈமப்பணி இருப்போருக்குச் செய்யும் பணி. ஆதலின் அதன் அறத்தையும் இருப்போரிடம் நடந்துகொள்ளும் முறையைக் கொண்டே அளக்கவேண்டும். கண்ணீர் வடிப்பவரிடம் உண்மை பேசினால் அதைவிட உயர்ந்த தொண்டில்லை. பொய் பேசினால் அதைவிட இழிந்த வாணிபமில்லை. 2015 முதல் அமெரிக்காவில் புதைப்பதைவிட எரிப்பது மிகுந்திருக்கிறது. எளிமையை மக்களே நாடுகின்றனர். சாவு வீட்டில் செலவைக் குறைக்கச் சொல்பவனை இரக்கமற்றவன் என்று எவரேனும் ஏசினால், இளைஞர்களே, அஞ்சாதீர்கள். கடன் சுமக்கப்போகும் அந்த வீட்டாரின் நாளையை எண்ணிப் பேசுகிறவன் அவன்.