நிலையா வீட்டைப் பேணுதல்

தேகமே அநித்தியம் என்று சைவசித்தாந்தம் போதிக்கையில், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதிலும் செவ்வரத்தைக்கு நீர் வார்ப்பதிலும் காலத்தைச் செலவிடுவது பந்தத்தையே வளர்ப்பதாகாதோ என்ற வினா, உப்புக்காற்றில் இற்றுப்போகும் பனையோலைக் கூரையை மாரிக்கு முன் பிரித்துப் பிரித்து வேய்ந்த யாழ்ப்பாணத்துத் தீவக மக்களுக்குப் புதியதன்று. நிலையாமையை அவர்களுக்குக் கூரையே போதித்தது, ஆயினும் வேய்ந்தார்கள்.

அத்தீவுகளுள் ஒன்றான நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்த மதில்கள், சாந்தின்றிப் பவளக் கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. ஒரு கல் சரிந்தால் அதே கல்லை எடுத்து, அதன் மேடு பள்ளம் பொருந்துமாறு திருப்பித் திருப்பிப் பார்த்து வைப்பதே திருத்த வேலை. உப்பு ஊறிய பழஞ்சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சுப் பொருக்காக உதிரும். சுண்ணச்சாந்தோ ஈரத்தை வெளியே போகவிடும்.

ஏழாம் நூற்றாண்டில் உழவாரமேந்திக் கோயில் முற்றங்களின் புல்லைச் செதுக்கிய அப்பர் பெருமான், கைத்தொண்டைச் சரியை என்னும், உடலால் இறைபணி செய்யும் சாதனமாக்கிக் காட்டினார். நந்தவனம் வைப்பதும் அச்சரியையின் அங்கமே. ஆகவே நாற்சார் வீட்டின் உள்முற்றத்தில், பூசைக்கென்று சாடியில் நந்தியாவட்டை வளர்ப்பவரைப் பந்தத்தில் ஆழ்ந்தவர் என்று நான் ஒருபோதும் சொல்லேன். 1990இல் யுத்தத்தால் தீவகத்தை விட்டகன்று, பின்னர் மீண்டோர் பாழ்மனையைத் துப்புரவாக்கியதையும் ஆசை என்று இகழ எனக்கு மனம் வராது.

பற்று எங்கே தொடங்குகிறது? பிறர்க்குரியதை எடுக்குமிடத்தில் என்பேன். இத்தீவுகளின் நன்னீர், மழையால் ஊறி உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறி அயலவர் கிணற்றையும் கெடுக்கும். சாடிச் செடிகளுக்கு அரிசி கழுவிய நீரே போதும். அடியைக் காய்ந்த சருகால் மூடிவிட்டால் அதுவும் விரைவில் வற்றாது.