தோட்டம் யாருக்கு உரியது?

அரபு மொழியில் தோட்டத்துக்கு 'ஜன்னத்' என்று பெயர். மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. கருவில் மறைந்திருக்கும் சிசுவை 'ஜனீன்' என்பதும், உடலை மறைத்துக் காக்கும் கேடயத்தை 'ஜுன்னத்' என்பதும் அவ்வேரினின்றே. கிளைகள் கவிந்து, நிழலால் தரையை மறைப்பதே தோட்டம். பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு இதைப் பாடம் சொல்லி வந்தவன் நான். ஆயினும் இதன் பொருள் என் உள்ளத்தில் இறங்கியது ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான்.

திப்பு சுல்தான் 1784-இல் தேக்கு மரத்தால் எழுப்பிய 'தரியா தௌலத்' என்னும் கோடை மாளிகை அங்கே ஒரு சோலையின் நடுவே நிற்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-இல் ஆங்கிலேயப் படையை வென்ற காட்சி அதன் மேற்குச் சுவரில் தீட்டப்பட்டுள்ளது. தோற்ற தளபதி பெய்லி அதில் பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். வென்றவரோ 1799 மே 4 அன்று களத்தில் உயிர் நீத்தார். பின்னர் அம்மாளிகையில் குடிபுகுந்தவர் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி! சுல்தானின் மற்றோர் அரண்மனையின் உத்தரங்களோ, 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு மலையேறிச் சென்றன.

வெளியே வந்தேன். மர நிழலில் ஓர் ஏழைக் குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு கொண்டிருந்தது. மரத்தை நட்டவர் யாரென்று அவர்கள் வினவவில்லை.

அப்படியாயின் உடைமை என்பதே பொய்யா? அன்று. உடையவனின் உரிமையை ஷரீஅத் காக்கிறது. எனினும் அது அமானிதம். தவணை முடிந்ததும் கைமாறுவது. திருமறையின் 'கஹ்ஃபு' அத்தியாயம் கூறும் தோட்டக்காரன், தன் தோட்டம் ஒருபோதும் அழியாது எனச் செருக்குற்றான். அழிந்தபின் கையைப் பிசைந்து நின்றான். தோட்டம் வைத்தது அவன் பிழையன்று. அதைத் தந்தவனை மறந்ததே பிழை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. நட்டவரிடம் நிலைத்திருப்பது பிறர் உண்டதால் விளைந்த நன்மை ஒன்றே.

கடையநல்லூரில் என் வீட்டின் பின்புறம், மர்ஹூம் தந்தையார் நட்ட மாமரம் ஒன்று உண்டு. மதிலைத் தாண்டிய கிளைகளில் தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து காய் பறிப்பது பொறாமல், அக்கிளைகளை வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். ஊர் திரும்பியதும் வேண்டாம் என்று விலக்கிவிட்டேன். மதிலுக்கு இப்பால் விழும் காய் எனக்கு. அப்பால் விழுவதோ என் தந்தையாருக்கு. அவருடைய பங்கை வெட்ட நான் யார்?